சகோதரிக்குக் கொடுத்த வாக்கு

ஒரு தாய் வயிற்றில் பிறந்த இரண்டு சகோதரிகள். ஒரே வீட்டில் உண்டு, ஒரே அறையில் உறங்கி வளர்ந்தவர்கள். இருவரையும் ஒரே நோய் தாக்கியது. மூத்தவர் முப்பத்தாறு வயதில் இவ்வுலகை விட்டுப் பிரிந்தார். இளையவரோ அதே நோயிலிருந்து மீண்டு, முதுமையையும் கண்டார்.

இருவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் என்ன? செல்வமா? இல்லை, இருவரும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். வைத்திய வசதியா? அதுவும் இல்லை, உலகின் மிகப் பெரிய வைத்தியசாலைகள் இருவருக்கும் எட்டும் தூரத்தில் இருந்தன. விடை வேறிடத்தில் இருக்கிறது. அதைத் தேடிப் போனால், உலகின் பல நகரங்களில் இலட்சக்கணக்கான பெண்கள் ஓடிய ஓர் ஓட்டத்தின் கதையும் நமக்குக் கிடைக்கும்.

மூத்தவள் சூசன்

ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பியோரியா என்றொரு நகரம். அங்கு குட்மன் என்னும் குடும்பத்தில் 1943ஆம் ஆண்டு பிறந்தவர் சூசன். மூன்று ஆண்டுகளின் பின் 1946இல் பிறந்தவர் தங்கை நான்சி. சூசன் அழகும் மென்மையும் உள்ளவர். எவர் மனமும் நோகாமல் பேசுபவர். நான்சி உயரமானவர், துடுக்கானவர். ராத்தாவின் பின்னாலேயே திரிந்து வளரும் தங்கைகளை நாமும் நம் வீடுகளில் கண்டிருக்கிறோம். அப்படித்தான் இவர்களும்.

சூசன் திருமணம் முடித்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகிப் பியோரியாவிலேயே வாழ்ந்தார். நான்சி டெக்ஸாஸ் மாநிலத்தின் டலஸ் நகருக்குப் போய்விட்டார். 1977இல், முப்பத்து மூன்றாவது வயதில், சூசனின் மார்பில் ஒரு கட்டி காணப்பட்டது. பரிசோதித்தபோது புற்றுநோய் என்று தெரிந்தது.

இங்கேதான் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். சூசன் தன் ஊரிலேயே ஒரு சத்திரசிகிச்சை நிபுணரிடம் போனார். வெளித்தோலை அப்படியே விட்டு, உள்ளே உள்ள தசையை மாத்திரம் அகற்றி, அந்த இடத்தில் செயற்கைப் பொருளொன்றை வைக்கும் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. வெளித்தோற்றம் கெடாது. ஆனால், புற்றுநோய்க்கு அது போதுமானதாக இருக்கவில்லை. "உங்கள் நோய் குணமாகிவிட்டது" என்று வைத்தியர் சொன்னார். அந்த ஒரு சொல்லில் முழுக் குடும்பமும் ஆறுதல் கொண்டது. இன்னொரு வைத்தியரிடமும் கேட்டுப் பார்ப்போம் என்று யாரும் வற்புறுத்தவில்லை. பெரிய மனிதர் சொன்னால் மறுபேச்சுப் பேசாத வளர்ப்பு அது.

சில மாதங்கள்தான் கழிந்தன. கமக்கட்டில் இன்னொரு கட்டி. நோய் பரவிவிட்டிருந்தது. அதன் பிறகுதான் மினசோட்டாவின் மேயோ கிளினிக், பின்னர் ஹியூஸ்டன் நகரின் எம்.டி. அண்டர்சன் புற்றுநோய் வைத்தியசாலை என்று பெரிய இடங்களுக்கு ஓட வேண்டியதாயிற்று. கதிர்வீச்சு, கீமோ எனப்படும் மருந்துச் சிகிச்சை, மீண்டும் மீண்டும் சத்திரசிகிச்சை. மூன்று ஆண்டுகள் போராடினார். 1980 ஓகஸ்ட் 4ஆம் திகதி சூசன் காலமானார்.

நோயின் நடுவிலும் அவர் கண்ணில் பட்டது தன் வேதனை மட்டுமல்ல. வைத்தியசாலையின் காத்திருப்பு அறைகளில் களைத்துப்போய் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் மற்றப் பெண்களைப் பார்த்து வருந்தினார். இந்த அறைகளையாவது கொஞ்சம் நல்லபடியாக ஆக்கக்கூடாதா என்று தங்கையிடம் ஆதங்கப்பட்டார். இந்த நோயால் வேறு பெண்கள் இப்படித் துன்பப்படாதிருக்க ஏதாவது செய் என்றும் கேட்டுக்கொண்டார். நான்சி வாக்குக் கொடுத்தார்.

மரணப் படுக்கையில் இருப்பவருக்கு நாம் எத்தனையோ வாக்குக் கொடுக்கிறோம். ஜனாஸா வீட்டின் சனம் கலைந்ததும் அவை மறந்துபோகின்றன. நான்சி மறக்கவில்லை.

சப்பாத்துப் பெட்டியும் இருநூறு டொலரும்

1982ஆம் ஆண்டு டலஸ் நகரில் தன் சகோதரியின் பெயரால் ஓர் அமைப்பை நான்சி தொடங்கினார். கையில் இருந்தது 200 டொலர். உதவக்கூடும் என்று நினைத்தவர்களின் பெயர்களைத் துண்டுக் கடதாசிகளில் எழுதி ஒரு சப்பாத்துப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். அவ்வளவுதான் முதல்.

பணத்தை விடப் பெரிய தடை ஒன்று இருந்தது. அதுதான் வெட்கம். இன்று அமெரிக்காவைப் பார்ப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அந்நாட்களில் அங்கும் இந்த நோயின் பெயரைச் சபையில் உச்சரிக்க மாட்டார்கள். மரண அறிவித்தல்களில் "நீண்டகால நோய்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். 1974இல் அன்றைய ஜனாதிபதியின் மனைவி பெற்றி ஃபோர்ட், தனக்கு மார்பகப் புற்றுநோய் கண்டு சத்திரசிகிச்சை நடந்ததை நாட்டுக்கே வெளிப்படையாக அறிவித்தார். அதைக் கேட்ட பின்னரே ஆயிரமாயிரம் பெண்கள் துணிந்து பரிசோதனைக்குப் போனார்கள். நான்சியின் ஆரம்ப முயற்சிகளுக்கும் பெற்றி ஃபோர்ட் துணை நின்றார்.

நான்சியின் அன்றைய கணவர் நோமன் பிரிங்கர், உணவகத் தொழிலில் பெயர் பெற்றவர். அவரும் இந்த நோயின் சூடு பட்டவரே. அவருடைய முதல் மனைவி மொரீன் கொனலி, உலகப் புகழ்பெற்ற டெனிஸ் வீராங்கனை. 1953இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் போட்டிகளையும் வென்ற முதற் பெண் அவர்தான். அவர் 1969இல், முப்பத்து நான்கு வயதில் சூலகப் புற்றுநோயால் இறந்தார். ஆக, சகோதரியை இழந்தவரும் மனைவியை இழந்தவரும் ஒரே வீட்டில் இருந்து இந்த வேலையைத் தொடங்கினார்கள்.

ஏன் ஓட்டம்?

1983 ஒக்டோபரில் டலஸ் நகரில் ஓர் ஓட்டம் ஏற்பாடாயிற்று. தூரம் 5 கிலோமீற்றர். கலந்துகொண்டவர்கள் 800 பேர்.

துக்கத்தை நினைவுகூர ஓடுவதா என்று நமக்குத் தோன்றலாம். அதில் ஒரு நுட்பம் இருந்தது. ஐந்து கிலோமீற்றர் என்பது வீராங்கனைகளுக்குரிய தூரமல்ல. ஓட முடியாதவர் நடந்தாலும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடலாம். பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டும் வரலாம். பாட்டியும் பேத்தியும் கைகோத்தும் வரலாம். ஒவ்வொருவரும் சிறு கட்டணம் செலுத்துவார். கம்பனிகள் அனுசரணை வழங்கும். ஓடுபவர் தன் உறவினரிடமும் அயலவரிடமும் நன்கொடை திரட்டுவார். பின்னாளில் பல நகரங்களுக்குப் பரவியபோது இந்தப் பணத்தில் முக்கால் பங்கு வரை அந்தந்த ஊரின் வசதியற்ற பெண்களின் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் விழிப்பூட்டலுக்கும் என்றும், குறைந்தது கால் பங்கு ஆராய்ச்சிக்கு என்றும் பிரிக்கப்பட்டது.

பணத்தை விடப் பெரிய காரியம் ஒன்றும் அங்கே நடந்தது. ஓடுபவர்கள் தம் முதுகில் ஒரு கடதாசியைக் குத்திக்கொள்வார்கள். "இன்னாரின் நினைவாக" என்று அதில் எழுதியிருக்கும். ஒருவர் முதுகில் அக்காவின் பெயர். இன்னொருவர் முதுகில் தங்கையின் பெயர். சின்னஞ்சிறு பிள்ளையின் முதுகில் உம்மாவின் பெயர். பின்னால் வருபவர் அந்தப் பெயர்களை வாசித்துக்கொண்டே ஓடுவார். நோயிலிருந்து மீண்ட பெண்கள் இளஞ்சிவப்பு உடையில் தனித்துத் தெரிவார்கள். வாய்திறந்து சொல்ல வெட்கப்பட்ட நோயின் பெயரை ஆயிரம் பேர் பகிரங்கமாகச் சுமந்து தெருவில் போனால், அதன் பிறகு அது எப்படி மறைபொருளாக இருக்க முடியும்?

அந்த 800 பேர் பெருகினார்கள். இருபது ஆண்டுகளுக்குள் நூறுக்கு மேற்பட்ட நகரங்களில், ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சத்தைத் தாண்டியவர்கள் ஓடினார்கள், நடந்தார்கள். 2000ஆம் ஆண்டு ரோம் நகருக்கு அது போய்ச் சேர்ந்தது. போரில் சிதைந்து மீண்ட பொஸ்னியாவின் சரயேவோ நகரில் 2008இல் தொடங்கியது. 2009இல் எகிப்தில் கீஸா பிரமிட்டுகளின் அருகே, பர்தா அணிந்த பெண்களும் ஆண்களும் பிள்ளைகளுமாகத் திரண்டு நடந்தார்கள்.

தங்கையைத் தாக்கிய அதே நோய்

ஓட்டம் தொடங்கி மறு ஆண்டு, 1984இல், நான்சியின் மார்பிலும் ஒரு கட்டி. அவருக்கு வயது முப்பத்தேழு. ராத்தா இறந்த வயதுக்கு ஒரு வயதே கூட. பரிசோதனை முடிவு புற்றுநோய் என்றே வந்தது.

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். நான்சி என்ன செய்தார்? தாமதிக்கவில்லை. ஒருவர் சொன்னதை மட்டும் கேட்டு ஓய்ந்துவிடவில்லை. இந்த நோயைப் பற்றி நன்கு அறிந்தவர்களிடம் போய், தனக்கு என்ன செய்யப் போகிறார்கள், ஏன் செய்யப் போகிறார்கள் என்று கேட்டறிந்தார். மார்பை அகற்றும் சத்திரசிகிச்சைக்கும், அதன் பின் மருந்துச் சிகிச்சைக்கும் உடன்பட்டார். குணமடைந்தார். 2010இல் தன் சகோதரியின் கதையைத் தன் கதையோடு சேர்த்து நூலாகவும் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்க அரசின் அதியுயர் சிவிலியன் விருது அவருக்குக் கிடைத்திருந்தது.

நோயின் தன்மை ஆளுக்கு ஆள் மாறும் என்பது உண்மையே. ஆயினும் மூத்தவருக்குக் கிடைக்காத ஒன்று இளையவருக்குக் கிடைத்தது. அது அறிவு. அந்த அறிவை அவருக்கு விட்டுச் சென்றவர் சூசன்தான்.

குறையும் சொல்ல வேண்டும்

ஒரு நல்ல காரியத்தின் புகழை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது முழு உண்மையாகாது. 1991இல் நியூயோர்க் ஓட்டத்தில் பங்குபற்றியவர்களுக்கு இளஞ்சிவப்பு ரிபன் வழங்கப்பட்டது. காலப்போக்கில் அந்த நிறம் வியாபாரிகளின் கையில் சிக்கியது. எந்தப் பொருளிலும் ஓர் இளஞ்சிவப்புப் பட்டியை ஒட்டி விற்கலாம் என்றாயிற்று. 2010இல் பொரித்த கோழி விற்கும் பிரபல நிறுவனம் ஒன்று இளஞ்சிவப்பு வாளிகளில் கோழியை நிரப்பி இந்த அமைப்புக்காக விற்றபோது, உடற்பருமனைக் கூட்டும் உணவை விற்றா புற்றுநோயை ஒழிப்பது என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

2012இல் இன்னொரு சோதனை. ஏழைப் பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும், வேறு பிரிவில் கருக்கலைப்புச் சேவையும் வழங்கும் ஒரு நிறுவனத்துக்கான உதவியை இந்த அமைப்பு நிறுத்தியது. நாடு இரண்டுபட்டது. சில நாட்களிலேயே முடிவை மாற்ற வேண்டியதாயிற்று. இரு தரப்பாரின் நம்பிக்கையும் குலைந்து, ஓட வருவோர் தொகை குறைந்தது. சகோதரியின் பெயரால் தொடங்கிய காரியம் பெரிதாக வளர வளர, அந்தச் சகோதரி மறைந்து பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சும் ஆபத்து உண்டு என்பதை இது காட்டுகிறது. இருந்தபோதிலும் ஆராய்ச்சிக்கு மாத்திரம் நூறு கோடி டொலருக்கு மேல் இந்த அமைப்பினால் திரட்டிக் கொடுக்கப்பட்டதையும் மறுக்க முடியாது.

நம் மண்ணிலும் நடந்தார்கள்

இது அமெரிக்காக்காரருக்கு மட்டும் உரிய காரியம் என்று எண்ண வேண்டாம். 2011 ஜூலையில் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை, 27 நாட்களில் ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரத்தை நம் நாட்டவர் நடந்து கடந்தார்கள். போர் ஓய்ந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த வேளை அது. யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்க நிதி திரட்டுவதற்காகவே அந்த நடை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று வழிநெடுக மக்கள் சேர்ந்துகொண்டார்கள். 2016இல் அதே பாதையில் வடக்கிலிருந்து தெற்கே நடந்தார்கள். அம்முறை காலி கராப்பிட்டியில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலைக்காக.

அதே 2016இல், மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க நாடளாவிய நிதி திரட்டல் ஒன்று நடந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன்னின்றவர், புற்றுநோயால் தன் மகனைப் பறிகொடுத்த ஒரு முஸ்லிம் தந்தை. மரணித்தவர்களின் பெயரால் கிணறு வெட்டுவதும் தர்மம் செய்வதும் நமக்குப் பழக்கமான காரியங்களே. நோயாளிக்கான இயந்திரமும் வைத்தியசாலைக் கட்டிலும் அந்த வரிசையில் சேர்ந்தவைதாம்.

நம் வீட்டுச் சகோதரிகள்

ஓர் ஆண், அதுவும் ஒரு மௌலவி, பெண்களின் இந்த நோயைப் பற்றி எழுதுவதா என்று சிலர் நினைக்கலாம். எழுத உட்கார்ந்தபோது எனக்கும் தயக்கம் இருந்தது. அந்தத் தயக்கமே நம் வீடுகளில் நோயைப் பெருக்குகிறது என்பதால்தான் எழுதத் துணிந்தேன்.

நம்மில் இன்றும் "அந்த வருத்தம்" என்றுதானே சொல்கிறோம்? மார்பில் கட்டியைக் கண்ட பெண் முதலில் யாருக்கும் சொல்ல மாட்டாள். பிறகு உம்மாவிடம் சொல்வாள். உம்மா எண்ணெய் தடவிப் பார்க்கச் சொல்வார். கலியாணத்துக்கு இருக்கும் குமர்ப் பிள்ளைகளை நினைத்து, வெளியில் தெரியக்கூடாது என்பார்கள். ஆண் வைத்தியரிடம் எப்படிக் காட்டுவது என்று மாதங்கள் போகும். பியோரியா நகரின் சூசனை அழித்ததும் இதே பணிவும் இதே மௌனமும்தாம்.

இலங்கைப் பெண்களிடையே முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோயே. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் மாத்திரம் உலகில் 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள். ஆனால், வெளியே பரவுமுன் கண்டுபிடிக்கப்பட்டு, முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

எவற்றைக் கவனிக்க வேண்டும்? மார்பிலோ கமக்கட்டிலோ புதிதாக ஒரு கட்டி. தோல் குழிவிழுதல், அல்லது தோடம்பழத் தோல் போல் தடித்தல். முலைக்காம்பு உள்ளிழுத்தல். இரத்தம் கலந்த நீர் கசிதல். மார்பின் அளவிலோ அமைப்பிலோ திடீர் மாற்றம். நினைவிருக்கட்டும், இந்தக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. அதே வேளை, கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆகவே பயந்து ஒளிக்கவும் வேண்டாம், அலட்சியமாக இருக்கவும் வேண்டாம். வைத்தியரிடம் காட்டுங்கள்.

மாதம் ஒரு முறை, மாதவிடாய் முடிந்து சில நாட்களின் பின், கையால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். தாய்க்கோ, உடன்பிறந்த சகோதரிக்கோ இந்நோய் இருந்தால் உங்களுக்கும் வாய்ப்புக் கூடுதல் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 1996 முதல் நம் நாட்டில் 'சுவநாரி' என்று எல்லோரும் அழைக்கும் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெற்று வருகின்றன. முப்பத்தைந்து வயதான ஒவ்வொரு பெண்ணும் அங்கே போக வேண்டும். கட்டணம் இல்லை. மார்பகப் பரிசோதனையோடு கருப்பைக் கழுத்துப் பரிசோதனை, பிரஷர், சீனி எல்லாவற்றையும் பார்ப்பார்கள். எந்த நாளில் நடக்கிறது என்று உங்கள் வீட்டுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டாலே போதும்.

பாலூட்டுவது இந்நோயின் வாய்ப்பைக் குறைக்கிறது. உடல் எடை கூடாமல் பார்த்துக்கொள்வதும், தினமும் உடம்பை அசைத்து நடப்பதும் அவ்வாறே. ஓட வேண்டும் என்பதில்லை. சுபஹுக்குப் பின் இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து அரை மணி நேரம் வேகமாக நடந்தால் அதுவும் நல்ல ஆரம்பமே.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவி பரிசோதனைக்குப் போக வேண்டும் என்றால் "இப்ப என்ன அவசரம்?" என்று கேட்காதீர்கள். கூட்டிப் போங்கள். ஒரு வைத்தியர் சொன்னதில் சந்தேகம் இருந்தால் இன்னொருவரிடம் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

அன்புச் சகோதரிகளே! இந்நோயால் ஒரு ராத்தாவையோ தங்கையையோ இழந்த வீடுகள் நம் ஊர்களில் எத்தனையோ. அவர்களை நினைத்து அழுகிறோம், துஆச் செய்கிறோம். அத்தோடு இன்னும் ஒரு காரியமும் செய்யலாம். அவர் எப்படி நோயைக் கண்டார், எத்தனை மாதம் மறைத்தார், எங்கே தாமதித்தோம் என்பதை வீட்டிலுள்ள மற்றப் பெண்களுக்குச் சொல்லுங்கள். அடுத்த கிளினிக் நாளில் அவர்களில் ஒருத்தியின் கையைப் பிடித்துக் கூட்டிச் செல்லுங்கள். போன சகோதரிக்கு நீங்கள் கொடுக்காமல் விட்ட வாக்கை, இருக்கும் சகோதரிக்கு இன்றே கொடுங்கள்.